பிடரி மருவில் நான் கட்டிய பட்டிழை

ஐயா, அல்லது அம்மணி,

இந்தக் காகிதங்களைக் கையில் எடுத்திருக்கும் தாங்கள் யாரென்பதை நான் அறியேன். எங்கள் தெருவினராயின் என்னைப் பற்றிச் சிலவற்றைக் கேள்வியுற்றிருப்பீர்கள். அவற்றுள் பெரும்பாலானவை மெய். வெளியூரினராயின், காஞ்சிபுரத்தில் முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பட்டுத் தறியில் அமர்ந்தவன், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் காணாதவன், பொட்டலம் கட்டி வந்த பத்திரிகைத் தாள்களைப் படித்துப் படித்துத் தானாகவே எழுதப் பழகியவன் என்ற அளவில் என்னை அறிந்துகொண்டாற் போதும். நடையில் பிழை தென்படின் பொறுத்தருள வேண்டும். விஷயத்தில் பிழை நேராதபடி கவனமாகவே எழுதுகிறேன்.

என் மனைவி வேதவல்லிக்கு நேர்ந்த நோயையும், அதன்பொருட்டு அரசாங்க ஆஸ்பத்திரியில் நாங்கள் கழித்த முப்பத்து நான்கு நாட்களையும் பற்றியது இது. நோய் பெரியது. அதன் தொடக்கமோ உளுந்தளவு கூட இல்லாத ஒரு மரு. அந்த மரு எவருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை. தீங்கு செய்தது என் கை.

அப்போது எனக்கு ஐம்பத்தொரு வயது. வேதவல்லிக்கு நாற்பத்திரண்டு. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. இதை இங்கேயே சொல்லி வைப்பது அவசியம். காரணம் பின்னர் விளங்கும். அவள் குறுக்கிழைக்கான நூலைத் தாரில் சுற்றித் தருவாள், நான் நெய்வேன். அவளுடைய பிடரியில், கொண்டைக்குச் சற்றுக் கீழே, தாலிச் சரடு உராயும் இடத்தில், மெல்லிய காம்பில் தொங்கும் மரு ஒன்று இரண்டு ஆண்டுகளாக இருந்தது. தோலின் நிறமே அதற்கும். தொட்டால் மிருதுவாக இருக்கும், வலிக்காது. சரடு உராய்வதாலும் தலை வாரும்போது சீப்பு மாட்டுவதாலும் எப்போதேனும் ஒரு துளி இரத்தம் கசியும். அவ்வளவே.

மருவை இழையால் கட்டி உதிர்ப்பது எங்கள் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். குதிரை மயிரால் கட்டுவோர் உண்டு. நாங்கள் பட்டிழையால் கட்டுவோம். காம்பைச் சுற்றி இழையை இறுக்கி, நாள்தோறும் இன்னும் சற்று இறுக்கிவந்தால், இரத்தவோட்டம் நின்று மரு கறுத்துத் தானாக உதிரும். இந்த வேலையில் எனக்குத் தெருவில் பெயர் இருந்தது. இருபது பேருக்குக் குறையாமல் கட்டியிருப்பேன். "உங்க கை பட்டா உதிர்ந்துடுது அண்ணே" என்று சொல்லக் கேட்டு மகிழ்ந்தவன் நான். அந்த மகிழ்ச்சியை இங்கே மறைப்பதற்கில்லை.

என் கைக்கு அந்தப் பெயர் வந்தது தறியினால். தறியில் நெடுக ஓடும் இழைத்தொகுதியான பாவு ஒன்று நெய்து முடிந்து அடுத்த பாவை ஏற்றும்போது, பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புதிய பாவின் இழை ஒன்றைச் சேர்த்து, விரலால் முறுக்கிப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பட்டு வழுக்கும், விரல் வியர்க்கும். ஆகவே வறட்டிச் சாம்பலைச் சலித்து ஒரு கொட்டாங்கச்சியில் இட்டுத் தறிக்குழியின் ஓரத்தில் வைத்திருப்போம். அதைத் தொட்டுத் தொட்டு முறுக்கினால் இழை விரலில் நிற்கும். மருவைக் கட்டும்போதும் அதே சாம்பலைத் தொட்டே கட்டினேன். உதிர்ந்த இடத்தில் ஈரம் கசியுமாயின், அதே சாம்பலை ஒரு சிட்டிகை வைத்து அழுத்திவிடுவேன். சாம்பலைத் திருநீற்றின் இனமாகவே கருதி வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் அசுத்தம் இருக்குமென்று நினைப்பதே பாவம் என்றிருந்தேன்.

ஒரு நாள் காலை, புதிய பாவைப் பிணைத்துக்கொண்டிருந்த என் முன்னால் வேதவல்லி முதுகைக் காட்டி உட்கார்ந்து கூந்தலைத் தூக்கிப் பிடித்தாள்.

"ஊருக்கெல்லாம் கட்டி வுடறீங்க. வூட்ல இருக்கிறவ கழுத்து மட்டும் கண்ணுக்குத் தெரியலையா?"

"ஆடாம உக்காரு. இழை நழுவுது."

"ஒரு பாவுக்கு ஆயிரம் இழை பிணைக்கிற கை, ஒரு மருவுக்கு இவ்ளோ நேரமா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐந்தாம் நாள் மரு உதிர்ந்தது. உதிர்ந்த இடம் சிவந்து ஈரமாக இருந்தது. சாம்பல் வைத்தேன். மேலே அவள் மஞ்சள் பூசிக்கொண்டாள். மறுநாள் பொருக்கு கட்டிவிட்டது. அதன்மேல் கொண்டை விழுந்தது. நாங்கள் இருவரும் அதை மறந்தோம்.

அதற்கு எட்டாம் நாள் காலை அவளால் இட்லியைக் கடிக்க முடியவில்லை. தாடை பிடித்துக்கொண்டது என்றாள். பல் வலியென்று எண்ணிக் கிராம்புத் தைலம் தடவினோம். பக்கத்து வீட்டு ஏகாம்பரம் என்னவென்று விசாரித்தபோதும் பல் வலி என்றே சொன்னேன். மாலைக்குள் கழுத்து மரம்போல் ஆயிற்று. மறுநாள் விடிந்ததும் அவளுடைய முகத்தைக் கண்டு நான் திடுக்கிட்டேன். வாயின் இரு கோடிகளும் பின்னோக்கி இழுபட்டு, புருவங்கள் மேலேறி, அவள் சிரிப்பது போலிருந்தது. கண்களில் சிரிப்பு இல்லை. கண்கள் பயந்திருந்தன. பற்களுக்கிடையே ஒரு கரண்டிக் காம்பும் நுழையவில்லை. குதிரை வண்டியில் ஏற்றினோம். வண்டி குலுங்கியபோதெல்லாம் அவளுடைய முதுகு விறைத்தது. ஐயம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்த அவளுடைய தங்கை தனத்துக்கு முந்தின மாலையே ஆள் அனுப்பியிருந்தேன். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும் நேரத்தில் அவளும் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்தாள்.

வெளிநோயாளர் வரிசையில் முப்பது பேர் இருந்தனர். டாக்டர் இளவயதினர், கண்ணாடி அணிந்தவர். தலையை நிமிர்த்தி வேதவல்லியின் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நேத்து காலைலேர்ந்து வாயத் தொறக்க முடியலீங்க" என்றாள் தனம்.

"உடம்புல எங்கேயாவது காயம் பட்டுச்சா? ஆணி, முள்ளு? காதுல சீழ் உண்டா? கட்டி ஏதாவது கீறினீங்களா? சூடு போட்டீங்களா?"

கேள்வி என்னை நோக்கி வந்தது. பதில் என் நாவின் நுனியில் இருந்தது. சுற்றிலும் எங்கள் தெருவினர் மூவர் நின்றிருந்தனர். அவர்களுள் இருவருக்கு நான் மரு கட்டியவன். ஒரு மருவினால் இப்படி ஆகுமா என்று ஒரு நினைப்பு. ஆகுமாயின் என்ற நினைப்பு அதற்குப் பின்னால். இரண்டுக்கும் நடுவில் என் வாய் சொல்லிவிட்டது:

"ஒண்ணும் இல்லீங்க."

வேதவல்லியால் தலையைத் திருப்ப முடியவில்லை. கண்கள் மட்டும் மெதுவாகத் திரும்பி என்மேல் நின்றன. பற்கள் பூட்டிய வாயிலிருந்து ஏதோ ஒலி வந்தது. அது சொல்லாக ஆகவில்லை.

டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். டெட்டனஸ் என்பார்கள்; தனுர்வாதம் என்று நம்மவர் சொல்வது இதைத்தான். காயத்தின் வழியே உடம்புக்குள் நுழையும் கிருமி ஒன்று அங்கேயே தங்கி நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு நரம்புகளைத் தூண்டித் தசைகளை இறுக்குகிறது. முதலில் தாடை, பின் கழுத்து, பின் முதுகு. சிறு ஓசையோ வெளிச்சமோ தொடுகையோ போதும். உடல் வில்லாக வளைந்துவிடும். மூச்சுத் தசைகளும் இறுகினால் உயிர் போகும். இத்தனைக்கும் நோயாளியின் அறிவு கடைசிவரை தெளிவாகவே இருக்கும். பேசப்படும் ஒவ்வொரு சொல்லும் அவருக்குக் கேட்கும். இந்தக் கடைசி விவரத்தை டாக்டர் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொழைப்பாங்களா டாக்டர்?" என்று தனம் கேட்டாள்.

"பத்து நாள் தாண்டட்டும்மா. அப்புறம் கேளுங்க."

தாழ்வாரத்தின் கோடியில் எதிரெதிராக இரண்டு அறைகள். ஒன்றில் வேதவல்லியைக் கிடத்தினார்கள். சன்னல்களுக்குக் கறுப்புத் துணி அடித்திருந்தனர். விளக்கைச் சிவப்புக் காகிதத்தால் சுற்றியிருந்தனர். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டிருந்தனர். செருப்புடன் எவரும் அந்தப் பக்கம் வரலாகாது, உரக்கப் பேசலாகாது, இருமல் முட்டினால் வெளியே ஓடிவிட வேண்டும். வேதவல்லியின் காதுகளில் பஞ்சு வைத்தார்கள். குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கும் ஊசி மருந்தை முதலில் ஒரு துளி தோலுக்கடியில் செலுத்தி, ஒவ்வாமை தோன்றவில்லையென்று கண்டபின் முழுவதையும் ஏற்றினார்கள். வெளியே திரியும் நஞ்சை அது முறிக்கும்; நரம்பில் ஏறிவிட்ட நஞ்சை அதனால் இறக்க முடியாது என்றார்கள். உறக்கத்துக்காகக் கொடுத்த மருந்தின் நாற்றம் அறையை விட்டுப் போகவே இல்லை. மூக்கின் வழியே ரப்பர் குழாய் செலுத்திப் பாலும் கஞ்சித் தண்ணீரும் விட்டார்கள்.

முட்டை கலந்து விட்டால் தெம்பு வருமென்று நர்ஸ் சொன்னார். நாங்கள் சைவர். நான் தயங்கினேன். தனம் தயங்கவில்லை. "ஊத்துங்கம்மா. பாவம் எதுனா வந்தா என் தலையில வரட்டும்" என்றாள். அன்றிலிருந்து நாள்தோறும் இரண்டு முட்டைகளை முந்தானையில் முடிந்து எங்கிருந்தோ கொண்டுவந்தாள்.

எதிர் அறையில் திருமுக்கூடலிலிருந்து வந்த உழவர் ஒருவர், முப்பது வயது இருக்கும். ஏர்க் கொழு காலில் குத்தியவர். அவருடைய தாயார் என்னோடு தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாள் யார் கேட்டாலும், கேளாவிட்டாலும், ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நான்தான்பா மண்ண வெச்சுக் கட்னேன். ரத்தம் நிக்கட்டும்னு கட்னேன். டாக்டரு கேட்டாரு, நான்தான்னு சொல்ட்டேன். உங்க வூட்டம்மாவுக்கு இன்னாத்துல வந்துது?"

"தெரியலம்மா" என்றேன்.

முதல் நாள் அப்படிக் கழிந்தது. இரவில் எங்கோ ஒரு பித்தளை டம்ளர் விழுந்தது. வேதவல்லியின் குதிகாலும் பின்தலையும் மட்டுமே கட்டிலைத் தொட, நடுவுடல் எழும்பி வளைந்தது. அவள் மயங்கவில்லை. கண்கள் திறந்திருந்தன. எண்ணிக்கொண்டிருந்தேன், நாற்பது எண்ணும்வரை அவள் இறங்கவில்லை. நாக்கைக் கடித்துவிட்டிருந்தாள்.

மறுநாள் நடுப்பகலில் நடந்ததை எழுத வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

டாக்டர் காலையில் மறுபடியும் காயம் தேடினார். கால் விரலிடுக்கு, உள்ளங்கை, காது எல்லாம் பார்த்தார். கழுத்தை அசைத்தால் உடல் வளைந்துவிடுமென்பதால் கூந்தலைத் தூக்கவில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. அவர் போனபின், வயதில் மூத்த நர்ஸ் தனத்தைக் கதவோரம் அழைத்தார். கெட்ட எண்ணத்தோடு அன்று. காயம் இல்லாத பெண்களுக்கு இந்த நோய் வேறு எந்த வழியில் வருமென்பதைப் பலமுறை கண்டவர் அவர்.

"மறைக்காதம்மா. வேற யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்க அக்கா கரு எதுனா கலைச்சுக்கினாங்களா? யாராவது மருத்துவச்சிகிட்ட போனாங்களா?"

தனம் ஒரு நொடி விளங்காமல் நின்றாள். விளங்கியதும் கத்த வாயெடுத்தாள். அந்த இடத்தில் கத்துவதற்கும் உரிமை இல்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்; பிறகு எடுத்து, காற்றே குரலாக, நர்ஸின் முகத்தருகில் பேசினாள்.

"யாரப் பாத்து இன்னா கேக்குறீங்க? பதினெட்டு வருஷம்மா. ஒரு புள்ள வேணும்னு கோயில் கோயிலா சுத்தினவ. மண்சோறு தின்னவ. அவளா கலைப்பா? அவளா?"

கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே கட்டிலருகில் நின்றிருந்தேன். வேதவல்லியின் கடைக்கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பஞ்சை நனைத்துக்கொண்டிருந்தது. அவளால் இல்லை என்று தலையாட்ட முடியாது. சொல்ல முடியாது. ஒரு கையை உயர்த்த முடியாது. அவள் பார்வை என்னிடம் வரவில்லை. கூரையையே பார்த்திருந்தாள்.

நான் வெளியே வந்தேன்.

"சிஸ்டர், காயம் இருக்குது. பிடரியில. மரு இருந்துது. நான்தான் இழை கட்டி எடுத்தேன். சாம்பல் வெச்சேன்."

தனம் என் பக்கம் திரும்பினாள். "மாமா" என்றாள்.

டாக்டர் வந்தார். உறக்க ஊசியொன்றைப் போட்டுக் காத்திருந்து, டார்ச்சின் முகத்தைக் கையால் பாதி மூடிக்கொண்டு, கூந்தலை ஒதுக்கினார். மஞ்சள் படிந்த பொருக்கு அங்கே இருந்தது. இடுக்கியால் தூக்கினார். அடியில் கறுத்த சதையும் ஒரு சொட்டுச் சீழும் சாம்பலின் துகள்களும் இருந்தன. சுற்றியிருந்த சதையோடு சேர்த்து அதைச் சிறிதாக வெட்டியெடுத்துக் கழுவினார். கை கழுவும்போது திரும்பாமலே கேட்டார்.

"நேத்தே கேட்டேனே பெரியவரே?"

"கேட்டீங்க."

"நஞ்சு ஊறுற இடம் ஒரு நாள் கூடுதலா உள்ள இருந்திருக்குது. அதனால எவ்வளவு கெடுதல்னு என்னால சொல்ல முடியாது. ஒண்ணும் இல்லாமலும் போகலாம். சரி, இன்னும் யாருக்காவது கட்டியிருக்கீங்களா? இப்ப, இந்த வாரத்துல?"

அப்போதுதான் நினைவு வந்தது. ஏகாம்பரத்தின் மனைவி சரசு. ஐந்து மாதக் கர்ப்பிணி. அக்குளில் இரண்டு மரு. மூன்று நாளுக்கு முன் கட்டினேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் தெரு ஒரு மைல். வேகமாக நடந்தேன். இருபுறமும் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏகாம்பரம் தறிக்குழியில் இருந்தபடியே கையை நிறுத்தாமல் கேட்டான்.

"இன்னா அண்ணே, அண்ணி எப்படிக் கீறாங்க? பல்லு புடுங்கிட்டாங்களா?"

"பல்லு வலி இல்லப்பா. தனுர்வாதம். நான் மரு கட்டின புண்ணுல வந்துது. சரசுவ உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போ. இழைய நீ தொடாத. அவங்க எடுக்கட்டும்."

தறி நின்றது. அவன் குழியிலிருந்து ஏறி வந்தான்.

"முந்தாநாளு பல்லு வலின்னு சொன்ன?"

"சொன்னேன்."

சரசு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். அக்குளைக் கையால் மூடியிருந்தாள். "எனக்கும் அந்தச் சாம்பலத்தான தொட்டுக் கட்டினீங்க?"

"ஆமாம்மா. அதே கொட்டாங்கச்சிதான்."

ஏகாம்பரம் என் சட்டையைப் பிடித்தான். அடிக்கவில்லை. "இவளுக்கும் வயித்துல இருக்கிறதுக்கும் ஒண்ணு ஆச்சுன்னா, பெரியவன்னு பாக்க மாட்டேன்" என்றான். கூட்டம் கூடிவிட்டது. அந்தக் கூட்டத்தில் நான் மரு கட்டியவர்கள் இருந்தனர். இன்னும் ஆறாத புண் உள்ளவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிக்கு வந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள் என்று உரக்கச் சொன்னேன். யாரோ காறித் துப்பும் ஓசை கேட்டது. ஏகாம்பரமும் சரசுவும் வண்டி ஏறினர். டாக்டர் இழையைக் கத்தரித்து, புண்ணைக் கழுவி, ஊசிகள் போட்டார். சரசுவுக்கு ஒன்றும் நேரவில்லை. குழந்தையும் நலமாகப் பிறந்தது. ஏகாம்பரம் இன்றளவும் என்னோடு பேசுவதில்லை. அதில் நியாயம் உண்டு.

அன்றே வீட்டுக்குப் போய்ச் சாம்பலைக் கொட்டிப் புதைத்தேன். பிறகு திரும்பித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தேன்.

அடுத்த நாட்களைத் தனித்தனியே எழுத என்னால் ஆகாது. ஊசி, குழாய், வளைவு, ஊசி. வளைவு வரும்போது பற்களுக்கிடையே துணி சுற்றிய ரப்பரைத் திணிக்கத் தனம் கற்றுக்கொண்டாள். நர்ஸ், அந்தக் கேள்வியைக் கேட்டவர், முறை முடிந்த பிறகும் வந்து வேதவல்லியின் கூந்தலை ஓசைப்படாமல் கோதிச் சிக்கெடுப்பார். அவர் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் அவர் அல்லர்.

ஆறாம் நாள் எதிர் அறை உழவர் இறந்தார். மூச்சு நின்றுவிட்டது. தாயார் அலறப்போனார், பின் எங்கள் கதவைப் பார்த்தார், வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, அந்தத் தாழ்வாரம் முழுவதையும் ஓடிக் கடந்து, வெளி வாசலுக்குப் போன பிறகே வாய்விட்டு அழுதார். என் மனைவியின்பொருட்டு அந்த அம்மாள் அடக்கிக்கொண்ட அந்த அழுகையை நான் எப்படி மறப்பேன்? பெயரைக் கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

பத்து நாள் தாண்டிற்று. பதினான்காம் நாளிலிருந்து வளைவுகள் குறைந்தன. இருபதாம் நாள் தாடை ஒரு விரற்கடை திறந்தது. கறுப்புத் துணியை ஒரு மூலையில் விலக்கினார்கள். அந்த வெளிச்சத்தில் பார்த்தபோது வேதவல்லியின் முடி முன்பக்கம் நரைத்திருந்தது. முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நொறுங்கிவிட்டதாகவும், தசைகளின் இறுக்கமே அவற்றை நொறுக்கியதாகவும் எக்ஸ்ரே படத்தைக் காட்டி டாக்டர் விளக்கினார். இனி அவள் நிமிர்ந்து நடக்க இயலாது என்றார். நாக்கின் ஓரம் கடிபட்டு ஆறியதால் பேச்சும் சற்றுக் குழறியது.

விடைபெறும் நாளுக்கு முன்தினம், மருக்களைப் பற்றி எனக்கு விளங்கச் சொல்லும்படி டாக்டரை வேண்டினேன். அவர் தம் மேசைக்கு எதிரே என்னை உட்காரவைத்தார். அன்று அறிந்தவற்றை, அறிந்த அளவில், கீழே தருகிறேன்.

கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் காம்போடு தொங்கும் மிருதுவான மரு, தோல் தோலோடும் சரடோடும் துணியோடும் உராயும் இடங்களில் வருவது. வயது ஏறினாலும், உடல் பெருத்தாலும், கர்ப்ப காலத்திலும் வரும். பலவாக முளைத்தால் சர்க்கரை வியாதி உண்டா என்று சிறுநீரைச் சோதிப்பது நல்லது. மற்றபடி அது நோயன்று, ஒட்டுவதுமன்று. முதியோரின் முகத்திலும் முதுகிலும் மெழுகை ஒட்டவைத்தாற்போல் பழுப்பாகவோ கறுப்பாகவோ தடித்து வருபவையும் தீங்கற்றவை. தோலுக்கடியில் உருண்டு நழுவும் மெத்தென்ற கட்டி கொழுப்புத் திரட்சி, வலிக்காதவரை விட்டுவிடலாம். சொரசொரப்பாகக் கையிலும் காலிலும் வரும் மரு மட்டும் கண்ணுக்குத் தெரியாத கிருமியால் வருவது, கிள்ளினால் பரவும், பெரும்பாலும் தானே மறையும். முத்துப்போல் வெளுத்து நடுவில் குழிந்த பாலுண்ணியும் அவ்விதமே.

"அப்ப எதுக்குப் பயப்படணும்?" என்று கேட்டேன்.

"சீக்கிரமா பெருசாகுறது. நிறம் மாறுறது. உராயாமலே ரத்தம் வர்றது. ஆறாத புண். கல்லு மாதிரி கெட்டியா, அசையாம இருக்கிற கட்டி. இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னிக்கே காட்டணும். இல்லாட்டி சும்மா விட்டுடலாம் பெரியவரே. தொந்தரவா இருந்தா இங்க வந்தா மரத்துப்போற ஊசி போட்டு, கொதிக்கவெச்ச கத்தரியால நறுக்கிடுவோம். நீங்க வெத்தல போட்டு முடிக்கிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

சாம்பலைப் பற்றியும் கேட்டேன். நெருப்பில் வெந்தது எப்படி அசுத்தமாகும்?

"வெந்தப்போ சுத்தம்தான். அப்புறம் எங்க வெச்சீங்க? மண் தரையில, மூடாம. மாட்டுச் சாணமும் குதிரைச் சாணமும் மிதிச்ச கால் எல்லாம் அந்த வழியா போகுது. இந்தக் கிருமியோட வித்து மண்ணுல வருஷக்கணக்கா தூங்கும். காத்து பட்டா அதுக்கு ஆகாது. ரத்தம் போகாத செத்த சதை கிடைச்சா முழிச்சுக்கும். நீங்க இழையால இறுக்கினீங்களே, அது அப்படிப்பட்ட சதைதான்."

இருபது பேருக்குக் கட்டினேன்; பத்தொன்பது பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பத்தொன்பது பேர்தாம் என்னை ஏமாற்றினார்கள் என்று ஒருகால் எழுதத் தோன்றிற்று. அது பொய். ஏமாந்தவன் எவராலும் ஏமாற்றப்படவில்லை. புகழ்ச்சி அவனுக்குப் பிடித்திருந்தது.

முப்பத்து நான்காம் நாள் வீடு வந்தோம். தனம் இரண்டு மாதம் எங்களோடு இருந்து, தன் வீட்டை மாமியார் பொறுப்பில் விட்டு, அக்காளுக்குத் தலைக்கு ஊற்றி, குழைந்த சோற்றை ஊட்டினாள். என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அவள் ஐயம்பேட்டைக்குத் திரும்பிய அன்று மாலை, வேதவல்லி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். குனிந்த முதுகுக்குத் தலையணை வைத்துக்கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் அமர்ந்தேன். இத்தனை நாளும் கேட்கத் துணியாததைக் கேட்டேன்.

"முதல் நாள் டாக்டருகிட்ட நான் சொன்னது உன் காதுல விழுந்துதா?"

"விழுந்துது."

"சிஸ்டரு தனத்துகிட்ட கேட்டது?"

"அதுவும் விழுந்துது. பஞ்சு வெச்சா கேக்காதுன்னு நெனச்சிக்கினாங்க."

அவளுடைய சொற்கள் குழறி, மெதுவாக வந்தன. நான் தலை குனிந்திருந்தேன்.

"நான் சொல்லிட்டேனே வேதா. உன் பேரு கெட்டுடக் கூடாதுன்னு, அங்கயே, எல்லார் எதிர்லயும் சொல்லிட்டேனே."

கோபம் அவளுடைய முகத்தில் இல்லை. ஒரு கணக்கைச் சரிபார்ப்பவள் போலிருந்தாள்.

"சொன்னீங்க" என்றாள். "மறுநாள்தான சொன்னீங்க."

பிறகு தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அதன்பின் இந்த ஆறு ஆண்டுகளில் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் எடுத்ததில்லை. என்னை முன்போலவே நடத்துகிறாள். இதை நான் எழுதுவது அவளுக்குத் தெரியும், படித்துக் காட்டினேன், மாற்றச் சொல்லவில்லை.

ஆகையால் ஐயா, அம்மணி, தங்களிடம் வேண்டுவது ஒன்றே. மருவுக்கு இழை கட்ட எவரேனும் முனைந்தால் படித்துக் காட்டும்பொருட்டு, இந்தக் காகிதங்களை எறிந்துவிடாமல் வீட்டில் ஓரிடத்தில் வைத்திருங்கள்.